கெபிக்குக் கீழே

கஜா புயல் துடைத்துப்போட்ட தோப்பில் அருள்மேரி முதலில் வைத்த தென்னங்கன்றுகளை வண்டு தின்றது. போன ஆடியில் மறுபடி வைத்தாள். இப்போது அவற்றை வேறொன்று தின்றுகொண்டிருந்தது. மட்டை வாடாது, ஓலை பழுக்காது, தூரத்திலிருந்து பார்த்தால் கன்று நன்றாகத்தான் நிற்கும். கிட்டே போய்ப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அடிமண்ணைப் பறித்து, தண்டைக் குடைந்து, உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும் குருத்தை மட்டும் வழித்துத் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

அன்று காலையிலும் ஒன்று கையோடு வந்தது. அருள்மேரி வாயைத் திறந்தாள்.

"எந்தக் கட்டையில போறது இப்படித் தின்னு தீக்குது! ஒரு கன்னு வளக்கிறது ஒரு புள்ள வளக்கிற மாதிரி. ஒனக்கு வேற எடமே கெடைக்கலயா? தின்னு, நல்லாத் தின்னு, வயிறு வெடிச்சுச் சாவு!"

சவேரியார்காட்டுக்கு இது பழக்கம்தான். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, புதாற்றுக் கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர் அது. அங்கே அருள்மேரியின் திட்டு கோயில் மணி மாதிரி. காலையில் அது கேட்காவிட்டால்தான் ஜனங்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

கன்றுக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் கிடந்தது. ஈர மணலில் சின்னச் சின்னக் காலடிகள். குதிகாலும் விரலுமாக, நடை பழகுகிற பிள்ளை வெறுங்காலோடு போன தடம் போலவே இருந்தது. முள்ளம்பன்றியின் காலடி அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் அதை மிதிக்காமல் சுற்றிப் போவாள். அந்தக் காலடிகள் தோப்பைக் கடந்து, பாதையோரத்தில் மாதா சுருபம் வைத்த சின்னக் கெபியை நோக்கிப் போயின.

வீட்டுக்கு வந்து, குட்டையில் ஊறப்போட்டிருந்த மட்டைகளை இழுத்துப் போட்டுக் கீற்று முடைய உட்கார்ந்தாள். மகள் அனிட்டாவின் கல்யாணப் பந்தலுக்கு வெளியில் கீற்று வாங்குவதில்லை என்று ஒரு பிடிவாதம். மட்டையை இரண்டாகப் பிளந்து, ஓர் ஓலை விட்டு ஓர் ஓலை மடக்கி, காலால் மிதித்துக்கொண்டு முடைந்துகொண்டே போனால் மனசு பாட்டுக்குச் சும்மா கிடக்கும். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் பாதி மட்டை முடிவதற்குள் உபதேசியார் அருள்சாமி சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தார். கோயிலில் ஜெபம் சொல்வது, பூசையில் வாசிப்பது, செத்த வீட்டில் பாட்டு எடுப்பது எல்லாம் அவர்தான்.

"என்ன மேரி, காலையிலயே முள்ளம்பன்னிக்கு அர்ச்சனை நடந்துச்சு போல? கோயில் வரைக்கும் கேட்டுச்சே."

"நீங்க வேற அண்ணே. உக்காருங்க. டீ போடவா?"

"டீ இருக்கட்டும். ஞாயித்துக்கெழம மொத ஓலை படிக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரையும் பெற்றோர் பெயரையும் வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லலாம். அதற்குத்தான் ஓலை படிப்பது என்று பெயர்.

"படிங்க. அதுக்கு என்னையா கேக்கணும்?"

"பொண்ணு பேரு சரி. ஒம் பேரு சரி. ரெமிஜியஸ் பேரத்தான் எப்படிப் படிக்கிறதுன்னு…"

"ரெமிஜியஸ்னு படிக்கணும். ஞானஸ்நானத்துல அவருக்கு வேற பேரா வச்சாங்க?"

"அதில்லம்மா. பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற'ன்னு போடறதா, வேணாமா?"

அருள்மேரியின் கை ஓலையை மடக்கிய மேனிக்கு நின்றது.

"மாப்பிள்ள வீட்டுலேருந்து சாமியாருக்குப் போன் வந்துச்சு" என்றார் அருள்சாமி, தரையைப் பார்த்துக்கொண்டு. "மாப்பிள்ள ஜெனித்தோட அம்மா தங்கமான மனுஷிதான். ஆனா அவங்க சொந்தபந்தம் இருக்குல்ல. 'காலஞ்சென்ற'ன்னு படிச்சா ஒருத்தன் வாய தெறக்க மாட்டான். படிக்கலன்னா, பொண்ணோட அப்பன் எங்க, ஏன் வரலன்னு ஆளாளுக்குக் கேப்பான்."

"திருப்பூர்ல இருக்காருன்னு சொல்லச் சொல்லுங்க."

"மேரி. ஏழு வருசமாச்சு."

"ஏழுதானே ஆச்சு, எழுபதா ஆச்சு? பொணத்தப் பாத்தீங்களா நீங்க? பூசை வச்சீங்களா? அடக்கம் பண்ணீங்களா? மாடு காணாமப் போனாலே நாலு ஊரு தேடிட்டுத்தான் போச்சும்பாங்க. மனுசன் அண்ணே!"

"கல்லறைத் திருநாளுக்கு ஊரே போய் மெழுகுத்திரி ஏத்துது. நீ மட்டும் அந்தப் பக்கமே வரமாட்டேங்குற."

"அங்க எனக்கு யாரு இருக்கா ஏத்துறதுக்கு? நான் கெபியில ஏத்துறேன், சனிக்கெழம சனிக்கெழம. அது போதும்."

அருள்சாமி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லு. நீ சொல்றதத்தான் படிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு முடைந்த கீற்று கோணலாகப் போயிற்று. பிரித்து மறுபடி முடைந்தாள், அதுவும் கோணல்.

ரெமிஜியஸ் காணாமல் போன கதை ஊருக்கே மனப்பாடம். தேங்காய் பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தஞ்சாவூரில் தகடு வைத்து ஸ்குரூ முடுக்கிய கால் அவனுக்கு. ஒன்றரை வருடம் கழித்து வந்து தகட்டை எடுத்துக்கொள் என்றார் டாக்டர். "உள்ளயே கெடக்கட்டும். மழை வர்றத ரேடியோவுக்கு முன்னால சொல்லுது" என்று சிரித்துவிட்டான். ஆனால் மரம் ஏற முடியாதவனுக்குத் தோப்பில் என்ன வேலை? திருப்பூருக்குப் போய்ச் சாயப்பட்டறையில் சேரப்போகிறேன் என்று ஆரம்பித்தான். புயல் வந்த அன்று சாயங்காலமும் காலைத் தடவிக்கொண்டே அதைத்தான் பேசினான். அருள்மேரிக்கு வாய் சும்மா இருக்குமா?

"போறதுன்னா போங்க. போனா திரும்பி வராதீங்க" என்றாள்.

அன்று இரவு காற்று ஓட்டைப் பிய்த்து வீசத் தொடங்கியபோது கொட்டகையில் மாடு கத்தியது. அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான். விடிந்ததும் மாடு வந்தது. அவன் வரவில்லை.

விடிந்தபோது ஊர், ஊராக இல்லை. தோப்பெல்லாம் படுத்துக் கிடந்தது. ஊருக்குள் வருகிற ஒரே பாதையின் குறுக்கே பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்திருந்தது. வேர்த்தூர் மண்ணோடு பெயர்ந்து வீட்டுச் சுவர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்க, அதன் அடியில் பெரிய குழி. குழி நிறையச் செம்மண் தண்ணீர், மேலே மிதக்கிற இலை. ஆளாளுக்குத் தன் வீட்டுக் கூரையைப் பார்த்துத் தலையில் கைவைத்து நின்றபோது, அருள்மேரிதான் மரம் அறுக்கிற சாமிதுரையைத் தேடிப் பிடித்துக் கையைப் பற்றி இழுத்து வந்தாள். அவன் மிஷின் வைத்திருந்தான்.

"மொதல்ல இந்த மரத்த அறு தம்பி. வண்டி வரணும், ஆளு வரணும். அவரத் தேடணும்!"

சாமிதுரை அறுத்தான். அடிமரம் தனியாக விடுபட்டதுதான் தாமதம், யாரும் தொடாமலே அது முனகிக்கொண்டு எழுந்தது. பெயர்ந்து நின்ற வேரும் மண்ணும் தன் பாரத்திலேயே பின்னால் சாய்ந்து, குழிக்குள் பழையபடி போய்ப் பொருந்தி உட்கார்ந்துகொண்டன. இரண்டு பக்கமும் செம்மண் தண்ணீர் பீறிட்டு அடித்தது. ஊர் முழுக்க மரமெல்லாம் விழுந்து கிடக்கிறபோது ஒரு மரம் மட்டும் எழுந்து நின்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டார்கள். மாதாவே, தாயே என்று யாரோ அழுதார்கள். அந்த அடிமரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டுதான் அருள்மேரி நாலு பக்கமும் பார்த்து, புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அடிமரம் மறுபடி துளிர்த்தது. துளிர்த்ததும் ஊர் கூடிச் சுற்றிலும் சிமெண்டு பூசி, அறுத்த முகத்தின் மேல் கண்ணாடிப் பெட்டி வைத்து, உள்ளே மாதா சுருபத்தை எழுந்தருளச் செய்தது. அப்படித்தான் அந்தக் கெபி வந்தது. அதே சமயத்தில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த சாமிதுரை, பஸ் ஸ்டாண்டில் ரெமிஜியஸ் அண்ணனைப் பார்த்தேன், கூப்பிடுவதற்குள் கூட்டத்தில் போய்விட்டார் என்று சொன்னான். சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த அருள்மேரி அன்றைக்குத்தான் எழுந்து சோறு வடித்தாள். ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. ஓடிப்போனவன் என்றது. தனியாகவா ஓடியிருப்பான் என்றும் சொன்னது.

உபதேசியார் வந்துபோன மறுநாள், கெபியைப் பார்க்க வனக்காவலர் நாகநாதன் பைக்கில் வந்தார். கெபி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. சிமெண்டில் கைவிரல் போகிற வெடிப்பு. பின்பக்கம் வேருக்கு இடையில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வளை. வாய்க்கு முன்னால் தள்ளிய மண் குவிந்து கிடந்தது. கொஞ்ச மாதமாகவே சாயங்காலங்களில் கெபிக்குள்ளிருந்து சலசலவென்று ஒரு சத்தம் கேட்கிறது. மாதா அடியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிறாள் என்று இரண்டு பெண்கள் சொல்லப்போக, பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்து காது வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

"மிளகா வத்தலப் போட்டுப் புகை மூட்டுனா வெளிய வந்துரும் சார்" என்றான் சாமிதுரை. "தள்ளி நிக்கணும் ஆனா. முள்ள எய்யும், அம்பு மாதிரி."

நாகநாதன் சிரித்தார். "யாருப்பா சொன்னா? எய்யவெல்லாம் எய்யாது. நமக்கு முடி கொட்டுற மாதிரி அதுக்கு முள்ளு கொட்டும். எதாச்சும் கிட்ட வந்தா முதுகத் திருப்பிகிட்டு, பின்னாலயே ஓடிவந்து குத்தும். குத்துன முள்ளு அங்கேயே நின்னுக்கும். நாய் பொழைக்காது, சிறுத்தையே செத்திருக்கு. புகை போட்டேன்னு வையி, ஒம்மேல கேசுதான் வரும்."

"அப்ப அந்தச் சத்தம்?" என்றாள் அருள்மேரி. அவள் அங்கே நிற்பதை அப்போதுதான் இரண்டு பேரும் கவனித்தார்கள்.

"வால்ல உள்ள முள்ளு மட்டும் உள்ளுக்குள்ள கூடா இருக்கும்மா. ஆட்டுனா கிலுகிலுப்ப மாதிரி கேக்கும். கிட்ட வராதேன்னு சொல்லுது. நாம மெழுகுத்திரி ஏத்துறோம், அது தலைக்கு மேல யாருடா நடக்குறதுன்னு மிரட்டுது."

"ஒண்ணுதான் இருக்கா?"

"ஒண்ணா இருக்காது. ஆணும் பொண்ணும் சேந்துதான் இருக்கும், சேந்துதான் மேயும். சாவுற வரைக்கும் சோடி மாறாதுன்னு சொல்றாங்க. மனுசன விட…" என்று சொல்ல வந்தவர், சாமிதுரை கண்ணைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டார். அருள்மேரி மாதாவின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

நாகநாதன் குனிந்து, மண் குவியலைக் குச்சியால் கிளறினார். ஒரு மாட்டு விலா எலும்பு வந்தது. பிறகு ஒரு ஆட்டுத் தாடை, ஆமை ஓடு. எல்லாவற்றிலும் உளி வைத்துச் சீவினதுபோல வரிவரியாகப் பல் தடம்.

"இது எதுக்கு சார் எலும்புக்குப் போவுது? கெழங்கு, குருத்துத் தின்னுறதுதானே?" என்றான் சாமிதுரை.

"பல்லு வளந்துகிட்டே இருக்கும்பா அதுக்கு. எதையாச்சும் கடிச்சுத் தேய்க்கலன்னா வாய மூட முடியாது. எலும்புல சுண்ணாம்புச் சத்தும் இருக்கு. எங்க கெடந்தாலும் இழுத்தாந்து வச்சுகிட்டு உக்காந்து கடிக்கும். வளைக்குள்ள பெரிய எலும்புக் கடையே வச்சிருக்கும். கஜாவுல செத்த மாடெல்லாம் எங்க போட்டீங்க? இந்தப் பக்கந்தானே?"

"ஆமா சார், அந்தப் பள்ளத்துல."

"அதான். சரி, கூண்டு வைக்க மேல எழுதிக் கேக்குறேன். அதுவரைக்கும் யாரும் கைய வைக்காதீங்க."

சாயங்காலம் அனிட்டா பட்டுக்கோட்டையில் மருந்துக்கடை வேலை முடிந்து வந்தாள். அருள்மேரி கெளுத்தி மீன் குழம்பு வைத்திருந்தாள். மீனை முள் எடுத்துப் பிசைந்து மகள் தட்டில் வைத்துக்கொண்டே உபதேசியார் வந்துபோனதைச் சொன்னாள். அனிட்டாவுக்கு முன்னமே தெரியும். ஜெனித் சொல்லியிருந்தான்.

"என்னம்மா முடிவு பண்ணியிருக்கே?"

"என்ன முடிவு? பேரு மட்டும் படிச்சாப் போதும்."

அனிட்டா கையை உதறினாள். "கடைக்கு வர்றவங்க எங்கிட்டயே கேக்குறாங்கம்மா, ஒங்கப்பா அந்தம்மாகூட நல்லா இருக்காராமேன்னு. எந்தம்மா? யாரு பாத்தா? அப்பா செத்துட்டாருன்னு நான் சொல்லல. ஓடிப்போனவரு மகளா இருக்குறத விட செத்துப்போனவரு மகளா இருக்குறது எவ்வளவோ மேலுன்னு சொல்றேன். ஒரே ஒரு வார்த்தம்மா."

"நான் அந்த வார்த்தையச் சொல்லி, நாளைக்கு அவரு வாசல்ல வந்து நின்னா?"

"வரமாட்டாரு."

"ஏன்னு தெரியுமா ஒனக்கு? வராதீங்கன்னு சொன்னது நானு. அவரு சொல் கேக்குற மனுசன்டி. அதான் வரல." அருள்மேரியின் குரல் தணிந்தது. அவள் குரல் தணிந்து அனிட்டா கேட்டதே இல்லை. "அந்த வார்த்தைய நான் திரும்ப எடுக்கணும். செத்துட்டாருன்னு ஊரறியப் படிச்சுட்டா, அப்புறம் யாருகிட்டப் போயி எடுப்பேன்?"

குழம்பு ஆறிப்போயிற்று. விளக்கை அணைத்த பிறகும் அம்மா புரண்டுகொண்டிருந்தது அனிட்டாவுக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை ஊற்றியது. சம்பா வயலில் களை பறிக்கப் போனவர்கள் பாதியில் திரும்பினார்கள். சனிக்கிழமை விடிந்ததும் மழை கொஞ்சம் வெறித்தது. சாயங்காலம் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று, காலையிலேயே விளக்குமாறும் மெழுகுத்திரியும் எடுத்துக்கொண்டு கெபிக்குப் போனாள். பேர் மட்டும் படித்தால் போதும் என்று உபதேசியாரிடம் சொல்லிவிடத் தீர்மானம் செய்திருந்தாள். அதை முதலில் மாதாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

கெபி இன்னும் சாய்ந்திருந்தது. வளையின் வாயில் முள்ளம்பன்றி புது மண்ணைத் தள்ளியிருந்தது. மண்ணை மழை கரைத்துப் பாதை வரைக்கும் இழுத்துவிட்டிருந்தது. மாதாவுக்கு முன்னால் இத்தனை அசிங்கமா என்று முனகிக்கொண்டே கூட்டினாள். ஒரு மாட்டுக் கொம்பு. முள்கள். ஏதோ எலும்பு. விளக்குமாறு அந்த எலும்பைத் தள்ளியபோது செங்கல்லில் பட்டு 'ணங்'கென்றது.

எலும்பு அப்படிச் சத்தம் போடாதே என்று குனிந்து எடுத்தாள்.

முழங்கை நீளம் இருக்கும். இரண்டு முனையும் கடித்துத் தீர்ந்துபோயிருந்தது. நடுவில் மட்டும் ஒரு தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. துரு இல்லை. பல் தடம் இரண்டு பக்கத்திலிருந்தும் தகட்டின் ஓரம் வரைக்கும் வந்து, அங்கே நின்றிருந்தது. தகட்டில் வரிசையாக ஸ்குரூ. அவள் சேலையால் சேற்றைத் துடைத்தாள். கீழிருந்து இரண்டாவது ஸ்குரூ கோணலாக இருந்தது.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு மட்டும் கோணலா முடுக்கிட்டான் பாரு மேரி, தூங்கிட்டான் போலருக்கு" என்று ரெமிஜியஸ் காட்டியது அவள் கண் முன்னால் வந்தது. அப்போது இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவள் கத்தவில்லை. ஈரத்தரையில் உட்கார்ந்து எலும்பை மடியில் வைத்துக்கொண்டாள். மெழுகுத்திரி நனைந்தது. உள்ளே சலசலவென்று கேட்டது. ஏழு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் இந்த இடத்தில் நின்று, அவரைத் திருப்பி அனுப்பு என்று சண்டை போட்டிருக்கிறாள். அனிட்டா வயதுக்கு வந்ததை இங்கே சொல்லியிருக்கிறாள். அவள் பத்தாம் வகுப்பு பாஸானதை, மாடு கன்று போட்டதை, கல்யாணம் நிச்சயமானதை எல்லாம் சொல்லியிருக்கிறாள். எங்கே கெடக்கீங்களோ பாவி மனுசா என்று திட்டி அழுததும் இங்கேதான். எல்லாம் அவன் தலைக்கு மேலே நின்றுகொண்டு.

அன்று காலையில் ஊருக்குத் திட்டு கேட்கவில்லை. முதலில் எட்டிப் பார்க்க வந்தவன் சாமிதுரை.

"என்னக்கா, ஒடம்பு முடியலயா? ஏன் மழத்தரையில…"

அவள் மடியிலிருந்ததைக் காட்டினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தகட்டைப் பார்த்தான். இரண்டடி பின்னால் போனான்.

"தம்பி, திருப்பூர்ல நீ அவரு மூஞ்சியப் பாத்தியா?"

"முதுகுதான்க்கா பாத்தேன். கால இழுத்து இழுத்து நடந்தாரு. அண்ணன்னு நெனச்சேன். நீங்க சோறு தின்னாம கெடந்தீங்க… மூஞ்சியப் பாத்தேன்னு சொன்னா எந்திரிப்பீங்கன்னு…"

"எந்திரிச்சேன்."

"அக்கா…"

"குழியில தண்ணி நின்னுச்சுல்ல தம்பி, அன்னிக்கு? செம்மண் தண்ணி. மேல எல மெதந்துச்சு. நான் எட்டிப் பாத்தேன். எலதான் தெரிஞ்சுது. மாட்ட அவுத்துட்டு இருட்டுல வந்திருக்காரு. மரம் சாஞ்சது தெரியாது, குழி தெரியாது. அந்தக் கால வச்சுகிட்டு எப்படி ஏறுவாரு?" அவள் எலும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நீ என்னா பண்ணுவே? நாந்தானே ஒன் கையப் புடிச்சு இழுத்தாந்தேன். மொதல்ல இத அறுன்னு நாந்தானே சொன்னேன்."

சாமிதுரை சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். அவன் அழுகிற சத்தம் கேட்டுத்தான் ஊர் கூடியது.

அதற்குப் பிறகு போலீஸ், ஆஸ்பத்திரி என்று நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. மாதா சுருபத்தைக் கோயிலுக்கு எடுத்துப் போனார்கள். வழக்கமாகப் பாடுகிற பாட்டை யாரும் எடுக்கவில்லை. ஜேசிபி வந்து அடிமரத்தைப் பெயர்த்தது. எழுந்து நின்ற மரம் இரண்டாம் தடவை எழுந்தது. அடியில் மீதி ரெமிஜியஸ் இருந்தான், கொஞ்சம் வளைக்குள், கொஞ்சம் மண்ணுக்குள். டார்ச் கையருகே கிடந்தது. முள்ளம்பன்றிகள் அதற்கு முன்பே இன்னொரு வாய் வழியாகக் குட்டியோடு போய்விட்டிருந்தன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலடி பார்த்ததாக நாகநாதன் வந்து சொன்னார். கூண்டுக்கு அனுமதியும் வந்துவிட்டதாம்.

"வேணாங்க" என்றாள் அருள்மேரி. "அவரத் தின்னுச்சேன்னு நெனச்சா அடிச்சுக் கொல்லணும்போல இருக்கு. அதுங்கதான் கொண்டாந்து குடுத்துச்சுன்னு நெனச்சா கும்புடணும்போல இருக்கு. ரெண்டும் என்னால ஆவல. எங்கயாச்சும் கெடக்கட்டும், விடுங்க."

கல்யாணம் தைக்குத் தள்ளிப்போயிற்று. ஜெனித்தின் அம்மா வந்து அருள்மேரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ஓடிப்போனவன் என்று சொன்ன வாய்களெல்லாம், எங்களுக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது என்றன. தோப்பில் இன்னும் ஒரு கன்று குருத்தில்லாமல் நின்றது. அருள்மேரி அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு வேறு கன்று வைத்தாள். திட்டவில்லை. ஊருக்கு அது என்னவோ போலிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பெல்லாம் திரும்பி வந்ததும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடக்கம் என்று முடிவாயிற்று. அன்று காலைப் பூசையில்தான் முதல் ஓலை. அருள்சாமி முந்தின நாள் மறுபடி கேட்க வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே, "போட்டுப் படிங்க அண்ணே" என்று சொல்லிவிட்டாள். பூசையில் அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "காலஞ்சென்ற ரெமிஜியஸ், அருள்மேரி இவர்களின் மகள் அனிட்டா" என்று வாசித்தார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அருள்மேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்தில் அனிட்டா அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்மாவோடு அத்தனை சண்டை போட்டாள். இப்போது அது காதில் விழுந்ததும் அவளுக்கு அழுகை நிற்கவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் மழைக்கு முளைத்த புல் முழங்கால் அளவு நின்றது. பெட்டி சின்னது. ஒரே ஆள் தூக்கிவிடலாம். ஆனாலும் சாமிதுரை விடவில்லை. நான்கு பேர் தூக்க வேண்டும் என்று ஆள் சேர்த்து, தானும் ஒரு தோள் கொடுத்து வந்தான். சாமியார் தீர்த்தம் தெளித்தார். குழியில் இறக்குவதற்கு முன் அருள்மேரி பெட்டியின் மேல் குனிந்து வாயைக் கிட்டே வைத்துச் சொன்னாள். பக்கத்தில் நின்ற அனிட்டாவுக்கு மட்டும் அது கேட்டது.

"வராதீங்கன்னு சொன்னது தப்புங்க. வாய் தவறிச் சொல்லிட்டேன்."

பெட்டியை இறக்கினார்கள். ஒவ்வொருவராக வந்து ஒரு கை மண் எடுத்துப் போட்டார்கள். ஜெனித்தின் அம்மா போட்டார். சாமிதுரை போட்டுவிட்டு வெகுநேரம் குழியையே பார்த்துக்கொண்டு நின்றான். அனிட்டா போட்டாள். அருள்மேரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அருள்சாமி தானே ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"மேரி, பொண்டாட்டி ஒரு கை மண்ணு போடணும்மா. போடு."

"நான் போட்டுட்டேன் அண்ணே" என்றாள் அருள்மேரி. "அன்னிக்கே போட்டுட்டேன். மரத்தோட சேத்து."

அருள்சாமி கையிலிருந்த மண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.